பதற்றமும் மூச்சுத்திணறலும்

மூதூரில் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுனாமியைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்ட் மாதச் சண்டையில் உடுத்த உடையோடு கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். இடிமுழக்கம் கேட்டதும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "மூச்சு எடுக்க ஏலாம இருக்கு" என்பாராயின் அது நடிப்பன்று. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டியதும் உங்களுக்கும் இந்நிலை ஏற்படலாம். காரணம் வேறு, உடலில் நடப்பது ஒன்றே.

ஆபத்து என மூளை உணர்ந்ததும் பரிவு நரம்புகள் தூண்டப்படும். அதிரீனற் சுரப்பி அதிரீனலினைச் சுரக்கும். இதயத் துடிப்பும் சுவாச வீதமும் உயரும். தப்பியோட இது உதவும். ஆனால் கதிரையில் அமர்ந்திருப்பவர் ஓடுவதில்லை. அவரது தசைகள் மேலதிக காபனீரொட்சைட்டை உண்டாக்குவதுமில்லை. எனவே வேகமாக மூச்சுவிடும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுகிறது. மூளையின் குருதிக் கலன்கள் சுருங்குவதால் தலை சுற்றும். உதடும் விரல் நுனிகளும் விறைக்கும்.

மாணவர் பலர் பிழைவிடும் இடம் இது. "ஒட்சிசன் போதாமையால்" என எழுதிவிடுவர். குருதியில் ஒட்சிசன் குறையவில்லை. காற்றுப் போதவில்லை என்ற உணர்வே உண்டு. அதை நம்பி இழுத்து இழுத்து மூச்செடுக்க நிலை மோசமாகிறது, பயம் கூடுகிறது, பயம் மூச்சை இன்னும் விரைவாக்குகிறது.

இத்தகையவரை இருத்தி, சுற்றி நிற்போரை விலக்குங்கள். மூக்கால் மெதுவாக உள்ளெடுத்து, அதைவிடக் கூடிய நேரம் வாயால் வெளிவிடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். அதட்டுவதால் பயனில்லை. கடதாசிப் பையினுள் மூச்சுவிடச் செய்யும் முறை பழைய நூல்களில் உண்டு. தொய்வு (ஆஸ்மா), இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால் இன்று அது விதந்துரைக்கப்படுவதில்லை. நெஞ்சுநோ, இழுப்பு ஒலி, உதடு நீலமாதல் என்பன தென்பட்டாலோ, முதற்தடவையாக ஏற்பட்டாலோ பதற்றந்தான் என நீங்களே முடிவுசெய்யாது 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

அடிக்கடி ஏற்படின் வைத்தியர் முதலில் வேறு நோய்கள் உண்டா எனப் பரிசோதிப்பார். அதன்பின் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கப்படும். உதாரணமாக, கடலுக்குப் பயந்தவர் முதலில் தூரத்தில் நின்று அலையோசையைக் கேட்பார். பயம் தணிந்தபின் சற்று அருகே செல்வார். பயந்த இடத்தைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால் பயம் வளரும். தேவைப்படின் மருந்தும் வழங்கப்படும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

பயிற்சி வினா: ஓட்டப் போட்டியை முடித்தவரும் வேகமாகவே மூச்சுவிடுகிறார். அவருக்குப் பொதுவாக விரல் விறைப்பு ஏற்படாதது ஏன்?