அயல்மொழி வளாகத்தில் ஆய்வு மாணவர்: மனநலமும் முறையீட்டு உரிமையும்

முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மாணவர், பாடத்தோடு கூடவே மொழி, உணவு, மேலோரிடம் பழகும் முறை ஆகியவற்றையும் புதிதாகக் கற்க நேர்வதால் உண்டாகும் மன இறுக்கத்தை உளவியலார் பண்பாட்டுத் தழுவல் அழுத்தம் என்பர். இது தன்னளவில் நோயன்று. ஆயினும் ஆய்வுக்கூடத்துப் பேச்சு விளங்காத மொழியில் நடக்க, உச்சரிப்பையோ நிறத்தையோ சாதியையோ தொட்டு வரும் கேலியைச் சிரித்தே கடக்க வேண்டிவர, உறக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு எனப் பலருக்கு முதலில் உடல்வழியாகவே அது வெளிப்படுகிறது. வீட்டாரிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் எல்லாம் நலமென்றே சொல்லப்படும்.

இந்த இடரைப் பன்மடங்காக்குவது நெறியாளரிடம் குவிந்துள்ள அதிகாரம். விடுப்பு, உதவித்தொகைப் படிவம், ஆய்வேட்டு ஒப்படைப்பு, பின்னாளைய பரிந்துரைக் கடிதம் என எதற்கும் அவருடைய கையெழுத்தே வேண்டியிருக்கையில், மாணவருக்குத் தகவமைத்துக்கொள்ளும் திறன் போதவில்லை என்று நிறுவனம் கைகழுவுவது பாதி உண்மைகூட ஆகாது. ஐதராபாத்தில் 2016இல் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும், மும்பையில் 2019இல் பழங்குடிச் சமூகத்து முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வியும் இறந்தபின் அவர்களுடைய தாய்மார் உச்ச நீதிமன்றத்தை நாடியது, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடு செயல்பட வேண்டும் என்பதற்காகவே.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமையையும், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் அளிக்கிறது. எனினும் வளாக ஆலோசகரிடம் சொல்பவை யார் பார்வைக்குச் செல்லும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியுள்ளது. தாய்மொழியிலேயே மனம்விட்டுப் பேச விழைவோருக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவை, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இரவும் பகலும் இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் எந்த மனுவுக்கும் முன்னர் செய்ய வேண்டியது இந்த அழைப்பே.

பாகுபாடு, துன்புறுத்தல், உதவித்தொகைத் தாமதம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழுவிடம் முறையிடலாம்; குழு 15 பணி நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில், முடிவு கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழிப் புகாருக்குத் தேதி இராது என்பதால், முதல் முறையீட்டையே எழுத்தில் தந்து ஒப்புகை பெற்றுக்கொள்வது அவசியம்.