வீட்டுக் கணினிக்கு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தேவைதானா?

கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய், பிள்ளைகள் படிக்கும் அதே கணினியில்தான் நம்மில் பலர் அன்றைய வரவு செலவைப் பதிகின்றோம். கணினி மெதுவாக இயங்கினால் முதலில் பழி விழுவது வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் மீதுதான். "நாநா, அது இருந்தும் வைரஸ் வருதே, பொறகு எதுக்கு அது?" என்று வர்த்தக நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

2018 ஆம் ஆண்டு எனது ஹாட்வெயார் கடையின் கடன் கணக்கு முழுவதும் வீட்டுக் கணினியில் இருந்தது. பில் அடிக்கும் மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை மகன் இணையத்திலிருந்து இறக்கினான். கணினி எச்சரித்தது. "வாப்பா, அத ஓஃப் பண்ணுங்க, இல்லாட்டி இது வேல செய்யாது" என்றான். வைரஸ் பாதுகாப்பை நானே நிறுத்தினேன்.

மறுநாள் காலை ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் மட்டும் இருந்தது. பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால் நான் கொடுக்கவில்லை. ஏழு மாதக் கணக்கைப் பழைய பில் புத்தகங்களை வைத்து மீண்டும் எழுதினேன். பில் கிடைக்காத கடன்களுக்கு வாடிக்கையாளரின் வாக்கையே நம்ப வேண்டியிருந்தது. பலர் நேர்மையாகச் சொன்னார்கள். சிலரிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

இந்த மென்பொருளைக் கடை வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஒப்பிடலாம். அறியப்பட்ட திருடர்களின் அடையாளப் பட்டியல் அவனிடம் இருக்கின்றது. பட்டியலில் இல்லாதவன் வந்தால் அவன் நடத்தையைப் பார்த்துச் சந்தேகிப்பான். புதிய திருடர்கள் தினமும் உருவாவதால், பட்டியலும் தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காத மென்பொருள் தூங்கும் காவலாளிதான்.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. பிசி கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸாகக் கருதப்படும் 'பிரெய்ன்' 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் உருவானது. அதைச் செய்தவர்கள் அங்கு கணினிக் கடை நடத்திய இரு சகோதரர்கள். தமது மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்கவே அதைச் செய்ததாக அவர்கள் கூறினார்கள். இன்றோ திருட்டுப் பிரதிதான் வைரஸ் வீட்டுக்குள் நுழையும் பெரிய வாசல்களில் ஒன்று.

காவலாளி மட்டும் போதாது, கதவும் உறுதியாக இருக்க வேண்டும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வன்னாக்ரை' 150 நாடுகளுக்கு மேல் கணினிகளைப் பூட்டி, 300 டொலர் வீதம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை உரிய நேரத்தில் நிறுவியவர்களின் கணினிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. ஆகவே விண்டோஸ் 'அப்டேட்' கேட்கும்போது தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சரி, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், வைரஸ் எதிர்ப்பு விண்டோஸுடனேயே இலவசமாக வருகின்றது. வீட்டுக் கணினிக்கு அது போதும் என்பதே என் கருத்து. நிறுத்தாமல் வைத்திருந்தால் சரி. இரண்டு மென்பொருட்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று மோதிக் கணினிதான் மந்தமாகும். இணையத்தில் உலாவும்போது "உங்கள் கணினியில் வைரஸ்" என்று திடீரெனத் தோன்றும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். அவற்றில் பல மோசடிகள்.

எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாத ஆபத்தும் உண்டு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள்" என்று உங்கள் சப்ளையரின் பெயரில் மின்னஞ்சல் வரலாம். அதில் வைரஸ் எதுவும் இல்லாததால் காவலாளி பேசாமல் இருப்பான். பணம் அனுப்புமுன், உங்களிடம் ஏற்கனவே உள்ள தொலைபேசி இலக்கத்தில் அழைத்து உறுதி செய்யுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம்.

கடைசியாக, என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விடயம்: பிரதி. இப்போது வாரந்தோறும் கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைக்கின்றேன். கணினியிலேயே செருகி விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: காவலாளியை வைத்திருங்கள், அவன் கத்தும்போது வாயை அடைக்காதீர்கள். ஆனால் கடன் கணக்கின் ஒரு பிரதியை அவன் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.