கப்பல் சுற்றுலா: அலை மேல் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஏறுவது இன்று நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டுகிற விஷயம். முதல் பயணம் ஆசையில் முடிந்துவிடும். அடுத்த பயணத்துக்குப் பணம் எடுத்துவைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: எந்தக் கப்பல்?

சித்தூர் - கர்னூல் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரிகிற இடம் புத்தலப்பட்டு. சுற்றிலும் மாந்தோப்புகள். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் சித்தூர், திருப்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் பயணம் என்றால் மனதில் வருவது சென்னைத் துறைமுகம்தான். காலையில் கார் ஏறினால் மதியத்துக்குள் துறைமுக வாசல். சொந்த மாநிலத்தின் துறைமுகமான விசாகப்பட்டினம் இவர்களுக்கு ஓர் இரவு ரயில் தூரம்.

சென்னைக்குக் கப்பல் மோகம் புதிதல்ல. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ‘ரஜுலா’ 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடித் தமிழர்களை மலேயாவுக்கு ஏற்றிச் சென்றது. அதன்பின் வந்தது ‘எம்.வி. சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். சென்னை - சிங்கப்பூர் கப்பல் போக்குவரத்தின் கதை அத்தோடு முடிந்தது. அந்தக் காலத்தில் கப்பல் என்றால் ஊர் போய்ச் சேரும் வழி. இன்றோ கப்பல்தான் ஊர். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமலும் பயணம் நடக்கிறது.

புதிய கதை தொடங்கியது 2022 ஜூன் 4இல். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். ஆழ்கடல்வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம், விசாகப்பட்டினத்தைச் சேர்த்து ஐந்து இரவுப் பயணம் என இரண்டு வகை. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டது. சென்னையில் 17.21 கோடி ரூபாயில் பயணியர் முனையம் திறக்கப்பட்டதும் அப்போதுதான்.

கோடையில் இந்தக் கப்பல் கிழக்குக் கரைக்கு வருவதற்குக் காரணம் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும். மும்பையிலிருந்து கப்பல் விடுவது சிரமம். அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலில் புயல் காலம். கப்பல் மேற்கே போய்விடும். ஆக, சென்னையில் கப்பல் ஏற நினைப்பவர் தீபாவளி விடுமுறையை நம்பிப் பயனில்லை. திட்டமிட வேண்டியது ஆண்டின் நடுவில்.

டன் என்றால் எடையல்ல

அனுபவப்பட்ட பயணிகள் கப்பலின் விளம்பரப் படங்களைப் பார்ப்பதில்லை. பார்ப்பது ஒரு சின்ன வகுத்தல் கணக்கை. கப்பலின் மொத்த டன் அளவைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இங்கே டன் என்பது எடையல்ல. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் மொத்த இடத்தின் அளவு. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்து வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தெரிந்துவிடும்.

எம்பிரஸ் 48,563 டன், அறைகள் 796. கணக்குப்படி ஆளுக்கு 30. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ‘ஜென்டிங் டிரீம்’ 1,50,695 டன், 3,352 பேர். ஆளுக்கு 45. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஏறக்குறைய 40. இத்தாலிய ‘கோஸ்டா செரினா’வுக்கு 38 வரும். இந்தக் கப்பல் 2023 நவம்பரில் தொடங்கி சில வாரங்கள் மும்பை, கொச்சி, லட்சத்தீவு என்று இந்தியக் கடலில் ஓடியது.

எண் குறையக் குறைய நெரிசல் கூடும். காலைச் சிற்றுண்டி வரிசை, லிஃப்ட், நீச்சல் குளத்தோரம் நாற்காலி பிடிப்பது என எல்லாவற்றிலும் அது தெரியும். குழந்தைகள் மூன்றாவது, நான்காவது படுக்கையில் வரும் விடுமுறை நாட்களில் இன்னும் அதிகமாகத் தெரியும்.

கப்பலின் வயதும் கணக்கில் சேரும். எம்பிரஸ் 1990இல் பிரான்சில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. பால்கனியோடு கூடிய அறைகள் அபூர்வமாக இருந்த காலத்துக் கப்பல் என்பதால் இதில் அவை மிகக் குறைவு. பெரும்பாலானவை சன்னல் இல்லாத உள் அறைகள் அல்லது வட்டச் சன்னல் அறைகள். அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. சிறிய கப்பலில் வழி தவறாது. முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் அரை கிலோமீட்டர் நடந்து சாப்பிடப் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட், விசா, விமானச் செலவு எதுவும் உள்நாட்டுப் பயணத்துக்குக் கிடையாது. சிங்கப்பூர் கப்பல் என்றால் மூன்றும் வேண்டும்.

இட்லியா, ஜப்பானிய மீனா?

இந்தியக் குடும்பங்கள் கப்பலைத் தேர்வு செய்வது பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையை வைத்துத்தான். கார்டீலியாவில் இந்தியச் சமையலே முதன்மை. சமணர்களுக்கான உணவும் உண்டு. ஜென்டிங் டிரீமும் இந்திய வாடிக்கையாளர்களை மனதில் வைத்து சைவ, சமண உணவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. ராயல் கரீபியனில் இந்திய உணவு கிடைக்கும். ஆனால் அது பல வகைகளில் ஒன்று. ஐந்து நாள் பயணத்தில் மூன்றாம் நாள் ரசம் சாதத்துக்கு ஏங்குகிற ஆசாமிகள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

பொழுதுபோக்கில் நிலைமை தலைகீழ். கார்டீலியாவின் மேடையில் ‘பல்லே பல்லே’ போன்ற இந்திப் பட ஆட்டங்களுக்கே முதல் மரியாதை. குவாண்டம் கப்பல்களில் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து கடலுக்கு மேல் 300 அடி உயரத்துக்குத் தூக்குகிறார்கள். காற்றில் மிதக்கும் விளையாட்டும் உண்டு. பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் பெரிய கப்பல். பெரியவர்களும் கைக்குழந்தையும் என்றால் சிறிய கப்பல் போதும்.

விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் முழுக் கட்டணம் அல்ல. 2022இல் சென்னையிலிருந்து இரண்டு இரவுகளுக்கு ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. கப்பல் எதுவானாலும் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான அன்பளிப்பு, மது, இன்டர்நெட், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு எல்லாம் மேலே ஏறும். ராயல் கரீபியனில் அன்பளிப்பு மட்டும் தலைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து டாலரைத் தாண்டும். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணத்தைக் கொடுக்க நேரிடும்.

விசுவாசத்தின் விலை

அடிக்கடி போகிறவர்களைக் கட்டிப்போடக் கம்பெனிகள் வைத்திருக்கும் கயிறு, புள்ளிகள். ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. சூட் அறை எடுத்தால் இரண்டு. 30 புள்ளியில் பிளாட்டினம், 80இல் டைமண்ட், 700இல் உச்சப் படி. டைமண்டை எட்டியவர்களுக்குத் தினமும் சில பானங்கள் இலவசம். கேட்க இனிக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு இரவு போகிற குடும்பம் 80 புள்ளி சேர்க்க இருபது ஆண்டுகள் ஆகும். புள்ளிக்காக ஒரே கம்பெனியைப் பிடித்துத் தொங்குவது ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகளுக்குச் சரி. நம் ஊர்ப் பயணிக்கு அந்தந்த ஆண்டின் கட்டணமே வழிகாட்டி.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் புள்ளிகளுக்கு முன்னால் கம்பெனியே காணாமல் போய்விடக்கூடும். 2011இல் சென்னையிலிருந்து கிளம்பிய ‘அமெட் மெஜஸ்டி’ சில ஆண்டுகளில் மறைந்தது. 2019 ஏப்ரலில் ஆரவாரத்தோடு வந்த ஜலேஷ் நிறுவனத்தின் ‘கர்ணிகா’ அடுத்த ஆண்டே அலங்கில் உடைக்கப்பட்டது. ஜென்டிங் டிரீமின் முந்தைய உரிமையாளரான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவாலானது. கப்பல் அதே ஆண்டு ஜூனில் வேறு நிறுவனத்தின் பெயரில் ஓடத் தொடங்கியது. மாதக்கணக்கில் முன்னதாகக் கட்டிய பணம் என்ன ஆகும் என்பது பயணிக்கு உயிர்க் கேள்வி. முழுத் தொகையை எப்போது கட்ட வேண்டும், ரத்தானால் பணமாகத் திருப்புவார்களா அல்லது அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பார்களா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

துறைமுகங்களும் உறுதியல்ல. 2022இல் சூதாட்ட அறை குறித்த எதிர்ப்புகளுக்கு நடுவே புதுச்சேரியில் எம்பிரஸுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் பயணிகள் அங்கே இறங்கினார்கள். வானிலை, அரசியல் எதுவானாலும் வழியை மாற்றும் உரிமையைக் கம்பெனிகள் டிக்கெட்டிலேயே எழுதிவைத்துக்கொள்கின்றன. ஓர் ஊரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்குக் கப்பலை நம்ப வேண்டாம்.

கப்பலே வேறு

சொகுசு வேண்டாம், கடல் மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்தமான் கப்பல்கள் இருக்கின்றன. ‘ஸ்வராஜ் தீப்’ போன்றவை 1,200 பேரை ஏற்றிச் செல்லும். இரண்டரை நாள் பயணம். வரிசை வரிசையாகப் படுக்கைகள், கேன்டீன் சாப்பாடு, சில ஆயிரம் ரூபாய்க் கட்டணம். உண்மையான வாடிக்கைப் பயணிகள் இவர்கள்தான்: அந்தமானில் பிழைக்கும் தமிழர்களும் தெலுங்கர்களும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘சிவகங்கை’ இன்னும் சிறியது. 60 கடல் மைல் தூரத்தை அரை நாளுக்குள் கடந்துவிடும்.

எந்தக் கப்பலானாலும் ஒன்றில் சமரசம் கூடாது. கிளம்புமுன் நடக்கும் உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். பயணிகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பிறகே, கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயிற்சி நடக்க வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. அதை டீ குடிக்கும் நேரமாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

கார்டீலியா நிறுவனம் ‘நார்வீஜியன் ஸ்கை’, ‘நார்வீஜியன் சன்’ ஆகிய இரு பெரிய கப்பல்களை வாடகைக்கு எடுப்பதாக 2025இல் அறிவித்தது. இரண்டும் எழுபதாயிரம் டன்னைத் தாண்டியவை. எம்பிரஸைவிடப் பத்து ஆண்டு இளையவை. சிங்கப்பூரிலும் 2025 டிசம்பருக்கென்று சொல்லப்பட்ட டிஸ்னி கப்பல் 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. போட்டி வந்தால் கட்டணம் இறங்கும் என்பது வியாபார நம்பிக்கை.

அதுவரை சித்தூர்க் குடும்பத்துக்குச் சுலபமான வழி இதுதான். முதல் பயணத்துக்குச் சென்னையில் இரண்டு இரவு. கடல் ஒத்துக்கொள்கிறதா, வாந்தி வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒத்துக்கொண்டால் பணம் சேர்த்து சிங்கப்பூர். ஒத்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் அந்த இரண்டு இரவுக் கட்டணத்தோடு போகும்.