ஒத்தியா, வாடகையா, இ.எம்.ஐ.யா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு தேடுபவர்கள் போட வேண்டிய கணக்கு

"சார், நாலு வழிச்சாலை வருது. இப்ப விட்டா இந்த விலைக்குக் கிடைக்காது."

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இடம் பார்க்கப் போன யாருக்கும் இந்த வசனம் புதிதல்ல. தரகர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கொல்லம் வரை போகும் என்.எச். 744-ல் திருமங்கலம் – ராஜபாளையம் பகுதியை நான்கு வழியாக்கும் திட்டம் உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே இடத்துக்காரருக்குத் தெரியும். நீங்கள் கேட்கும் விலையில் அந்தச் சாலை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மனையிலிருந்து அந்தச் சாலையில் எங்கே ஏற முடியும்? நான்கு வழிச்சாலையை ஒட்டி இருந்தாலும், நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்பி ஏற முடியாது. சாலை கண்ணுக்குத் தெரியும், ஆனா ரெண்டு கிலோமீட்டர் சுத்தி வரணும் என்ற கதையாகிவிடும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களும் குணத்தில் வேறுவேறு. ராஜபாளையம் மில் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து பஞ்சு, நூல், சத்திரப்பட்டி பக்கம் மருத்துவத் துணி என்று சம்பளம் புழங்கும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர்; ஆண்டாள் கோயில், பால்கோவா, நீதிமன்றம் என்று அதன் வரும்படி வேறு. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் ஊர் இஷ்டத்துக்கு வளர முடியாது. மற்ற பக்கம் கண்மாய்கள். ஆகவே நல்ல மனை என்பது இங்கே நிஜமாகவே அளவோடுதான் இருக்கிறது.

இந்த ஊரிலிருந்து சென்னை, பெங்களூரு போய் வேலை பார்க்கும் இளைஞர்கள்தான் இப்போது தரகர்கள் தேடும் வாடிக்கையாளர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு, 'ஊர்ல ஒரு இடம் வாங்கிப் போடுப்பா' என்று அப்பாவின் நச்சரிப்பு, நேரில் வந்து அலைய நேரமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பணம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாங்கிப் போட்டால் ஏறுமா?

ஏறும். எவ்வளவு ஏறினால் உங்களுக்கு லாபம் என்பதுதான் விஷயம்.

கணக்குக்காக 10 லட்ச ரூபாய் மனை என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (2017 முதல் 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 2 ஆனது, கூடவே வழிகாட்டி மதிப்பும் உயர்த்தப்பட்டது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்டார்கள்.) ஆக 90 ஆயிரம். தரகு 2 சதவீதம் என்றால் 20 ஆயிரம். பட்டா பார்க்கும் முன்பே 11.10 லட்சம் போய்விட்டது.

இதே 11.10 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் 5 வருடம் போட்டிருந்தால் சுமார் 15.5 லட்சம் ஆகியிருக்கும். அதாவது 10 லட்ச ரூபாய் மனை ஐந்து வருடத்தில் 55 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் வங்கி வட்டிக்குச் சமமாக நிற்கிறீர்கள். அதற்கு மேல் ஏறுவதுதான் உங்கள் லாபம்; விற்கும்போது மூலதன ஆதாய வரியும் உண்டு. மனை வாடகை தராது. அவசரத்துக்கு ஒரு வாரத்தில் விற்கவும் முடியாது. பவுன் என்றால் அரை மணி நேரத்தில் அடகு வைத்துவிடலாம். நம்ம அம்மாக்கள் ஏன் நகையை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது இந்த இடத்தில் புரியும்.

வீடு கட்டும் எண்ணத்தோடு வாங்குவது வேறு கதை. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. அம்மா அல்லது மனைவி பெயரில் வாங்க யோசித்தால் ஒரு சின்ன லாபம் இருக்கிறது: 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

ஒத்தி: நம்ம ஊர்ச் சேமிப்பு

சென்னையில் 'லீஸ்' என்பார்கள். தென்மாவட்டத்தில் ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். மாதச் சம்பளக் குடும்பங்கள் பணம் சேர்க்க இதை ஒரு வழியாகவே வைத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்து, அந்தப் பணத்தில் ஒத்திக்குப் போய், மிச்சமாகும் வாடகையை அடுத்த சீட்டில் போடும் வீடுகள் உண்டு.

கணக்கு இப்படி. மாதம் 6 ஆயிரம் வாடகை வரக்கூடிய வீடு 5 லட்சம் ஒத்திக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். வாடகைக்குப் போனால் வருடம் 72 ஆயிரம். ஒத்திக்குப் போனால், 5 லட்சத்துக்கு 6.5 சதவீதத்தில் வங்கியில் வந்திருக்கக்கூடிய 32,500 ரூபாய் வட்டி மட்டும் நஷ்டம். வருடத்துக்கு 39,500 மிச்சம். நகையை அடகு வைத்து 10 சதவீத வட்டிக்கு எடுத்திருந்தாலும்கூட 50 ஆயிரம்தான். அப்போதும் 22 ஆயிரம் மிச்சம்.

அப்படியென்றால் எல்லோரும் ஒத்திக்குப் போகலாமே? இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டுக்காரர் ஏன் ஒத்திக்கு விடுகிறார்? பெரும்பாலும் அவருக்கு உடனே பணம் தேவை. உங்கள் 5 லட்சம் பீரோவில் இருக்காது. மகள் கல்யாணத்திலோ பழைய கடனிலோ போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் பணம் கொண்டுவந்தால்தான் உங்களுடையது திரும்பும். அந்த அடுத்த ஆள் வர மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி ஏலத்துக்கு வரும். அப்போது முதல் உரிமை வங்கிக்கு. உங்கள் கையில் இருப்பது வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் என்றால் நிலைமை பரிதாபம்.

சட்டப்படி ஒத்தி என்பது சுவாதீன அடமானம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஒத்தி தெரியும். உங்கள் பணத்தைத் தீர்க்காமல் வீட்டை வேறொருவருக்கு விற்பது கடினம். பணம் திரும்பும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்கவும் உரிமை உண்டு. "அதெல்லாம் எதுக்குங்க, நமக்குள்ள" என்பார்கள். பதிவுச் செலவு கொஞ்சம் ஆகும்தான். 5 லட்சத்துக்குக் காவல் கூலி என்று நினைத்துக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்சம், பணம் கொடுக்கும் முன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். அசல் 'லாக்கர்ல இருக்கு' என்றால், அது யாருடைய லாக்கர் என்று கேளுங்கள்.

கடனில் வாங்கினால் கையில் எவ்வளவு வேண்டும்?

25 லட்ச ரூபாய் வீடு, 20 லட்சம் வங்கிக் கடன் என்போம். மிச்சம் 5 லட்சம் போதும் என்று நினைத்தால் தப்பு. பதிவுச் செலவை வங்கிகள் பொதுவாக வீட்டு மதிப்பில் சேர்ப்பதில்லை. 9 சதவீதம் என்றால் 2.25 லட்சம், தரகு, வக்கீல், மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் சுமார் 8 லட்சம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் தடுமாறித்தான் பலர் தனிநபர் கடனுக்குப் போய் மாட்டுகிறார்கள்.

அந்த 20 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 17,356. மொத்த வட்டி 21.66 லட்சம், வாங்கியதைவிட வட்டி அதிகம். அதையே 15 வருடமாக்கினால் இ.எம்.ஐ. 19,695. மாதம் 2,339 கூடுதல், ஆனால் வட்டியில் சுமார் 6.2 லட்சம் மிச்சம். குடும்பச் செலவில் பெட்ரோலையும் டீயையும் எண்ணிக் குறைப்பதைவிட இந்த ஒரு முடிவு பெரிது.

தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. போனஸ், சீட்டுப் பணம் வந்தால் தைரியமாக அசலில் கட்டலாம். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போவை 6.50-லிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்தது. உங்கள் பழைய கடனில் அது இறங்கியதா என்று வங்கியில் கேட்டீர்களா? கேட்காதவர்களுக்குப் பல நேரம் இறங்குவதில்லை.

'வீட்டுக் கடன் எடுத்தா வரி மிச்சம்' என்ற பழைய பேச்சும் இப்போது பாதிதான் உண்மை. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

அப்பா இடத்தில் கட்டுகிறீர்களா?

சிறு ஊர்களில் அதிகம் மிச்சமாகும் வழி இதுதான். ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. 25 லட்சம் மதிப்புள்ள இடத்தை அப்பாவிடமிருந்து மகள் கிரயமாக வாங்கினால் 2.25 லட்சம் செலவு. அதையே தானசெட்டில்மென்டாக எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். இங்கே மொத்தம் 35 ஆயிரத்தில் முடிந்துவிடும். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. செட்டில்மென்ட் எழுதிவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அப்போதுதான் கைகொடுக்கும்.

கட்டட அனுமதிக்கு முன்போல அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ கட்ட, 2024 ஜூலை முதல் ஒற்றைச்சாளர இணையதளத்தில் சுயசான்று முறையில் அனுமதி எடுக்கலாம். சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமானது. ஒப்பந்தக்காரரின் பழைய கொட்டேஷன் அதற்கு முந்தையது என்றால் பேரம் பேச இடமிருக்கிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78 ஆயிரம் மானியம்.

தரகர் சொல்லாமல் விடுவது

தரகர் தேவையில்லை என்று சொல்லவில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் வரும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் விற்றால்தான் அவருக்குக் கூலி. வாங்காமல் இருந்ததற்கு யாரும் தரகு தருவதில்லை. அதனால் சில விஷயங்களை நீங்களே பார்க்கணும்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் வந்த வரன்முறைத் திட்டத்தில், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் வழி கிடைத்தது. 'அப்ரூவல் போட்டிருக்கோம், வந்துரும்' என்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 மனைக்கு மேல் போடும் புது லே-அவுட் 'ரெரா'வில் பதிந்திருக்க வேண்டும். அதை விற்கும் தரகரும்தான். அந்தச் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. முன்பணத்தை ரொக்கமாகக் கேட்டால் இன்னொரு சிக்கல்: சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

மலையடிவாரத்தில் 'வியூ' நன்றாக இருக்கிறது என்று மயங்குபவர்கள், அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால் மனைப்பிரிவுக்குத் தனி அனுமதி வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊரில் இடம் கோயில் நிலமா என்று பார்ப்பது கட்டாயம். அறநிலையத் துறை ஒப்புதல் இல்லாமல் அதை விற்க முடியாது. கண்மாய், ஓடைப் புறம்போக்கு என்றால் எத்தனை பத்திரம் காட்டினாலும் பட்டா வராது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.