பாரதம் படித்த ஊரும் ஜப்பானியச் சித்திரமும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், 7-ஆம் நூற்றாண்டிலேயே கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு இருந்தது. முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் கூரம் செப்பேடு இதைத் தெரிவிக்கிறது. கோரமான போர்க்கள வர்ணனையும் அதே செப்பேட்டில் உண்டு. ஆகவே, ரத்தம் சிந்துகிறது என்பதற்காகவே ஒரு கதையை ஒதுக்கிவிட முடியாது. அது எதற்காகச் சிந்துகிறது என்றே பார்க்க வேண்டும்.

1988-இல் வெளிவந்த ‘அகிரா’ என்ற ஜப்பானியச் சித்திரப் படத்தையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். கட்சுஹிரோ ஓட்டோமோ தாம் வரைந்த தொடர்கதையைத் தாமே படமாக்கினார். பெருவெடிப்பில் அழிந்து, மறுபடி எழுந்த டோக்கியோவில், 2019-இல் கதை நடக்கிறது. ராணுவ ஆராய்ச்சியில் சிக்கிய தெட்சுவோ என்ற இளைஞனுக்கு அபார மனோசக்தி வாய்க்கிறது. அதை அடக்கியாள அவனுக்குத் தெரியவில்லை. நகரமே நாசமாகிறது.

கம்ப்யூட்டர் வேலை மிகச் சொற்பம். லட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களைக் கையால் தீட்டினார்கள். வசனத்தை முதலில் ஒலிப்பதிவு செய்து, அதற்கேற்ப உதட்டசைவை வரைந்தார்கள். பட்டுத் தறியில் இழை இழையாகப் பாடுபடும் காஞ்சி வட்டாரத்தாருக்கு இந்தப் பொறுமையின் அருமை புரியும்.

குறையும் உண்டு. 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட கதையை இரண்டு மணி நேரத்தில் அடைத்திருக்கிறார்கள். தொடர் முடிந்ததோ 1990-இல்தான்! அதனால் பல பாத்திரங்கள் நிழலாகவே நிற்கின்றன. கடைசிப் பகுதி குழப்புகிறது. சில கொடூரக் காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன.

பொம்மைப் படம்தானே என்று பெற்றோர் இதைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டலாகாது. வயது வந்தவர்கள் அவசியம் பார்க்கலாம்.