குதிரையேற்றம்: தலையும் குதிகாலும்

சவாரி கற்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது முழங்கால் வரை ஏறும் பளபளப்பான பூட்ஸ் அல்ல

காலை ஆறு மணி. பெங்களூர், புனே, தில்லி என்று எந்த நகரத்துச் சவாரிப் பள்ளியிலும் இப்படி ஒரு காட்சியைக் காண முடியும். மணல் பரப்பிய வட்டத்தில் வயதான, சாதுவான குதிரை ஒன்று நிற்கிறது. அதன் முதுகில் ஏறக் காத்திருக்கும் பத்து வயதுச் சிறுமியின் காலில் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் ஷூ. தலையில் அப்பாவின் ஸ்கூட்டர் ஹெல்மெட். மகளைப் பாதுகாப்பாகத்தான் அனுப்புகிறோம் என்று பெற்றோர் நிம்மதியாக நிற்கிறார்கள். ஆனால் ஷூ, ஹெல்மெட் இரண்டுமே தவறு.

2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. 1982 தில்லி ஆசியாட்டுக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து இந்தியக் குதிரையேற்றத்துக்குக் கிடைத்த தங்கம் அது. ஒரு காலத்தில் ராணுவத்துக்கும் அரச குடும்பங்களுக்கும் உரியதாக இருந்த இந்தக் கலையை இன்று நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் கற்கிறார்கள். ஆனால் எதை அணிந்துகொண்டு ஏறுவது என்பதில்தான் குழப்பம்.

சாதாரணக் குதிரையின் எடை 400 முதல் 500 கிலோ. அதன் மேல் உட்கார்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கும். குதிரையோ பயந்தால் ஓடிப் பிழைக்கும் பிராணி. காற்றில் பறந்துவரும் ஒரு பிளாஸ்டிக் பை போதும், எவ்வளவு சாதுவான குதிரையும் துள்ளிவிடும். கற்றுக்கொள்பவர் என்றாவது ஒரு நாள் விழுவார். அன்று அவருடைய தலை தப்ப வேண்டும்; கால் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் மிதி வளையம்) சிக்காமல் கழன்று வர வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

முதலில் தலை. அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2010-ல் பயிற்சியின்போது குதிரை இடறியதால் விழுந்தார். ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. மண்டை ஓடு உடைந்து வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். வீட்டில் பயிற்சி, பழகிய குதிரை என்ற அலட்சியங்களை உலகெங்கும் கேள்விக்குள்ளாக்கிய விபத்து அது. நேர்த்தியான தொப்பிக்குப் பேர்போன டிரஸ்ஸாஜ் போட்டிகளிலும் 2021 முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம்.

ஸ்கூட்டர் ஹெல்மெட் ஏன் கூடாது? அது சாலை விபத்துக்காகச் செய்யப்பட்டது. கனமானது, விழும்போது கழுத்துக்குச் சுமை. காதை மூடுவதால் பயிற்சியாளரின் குரலும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டும் இதற்கு ஈடாகாது. சவாரி ஹெல்மெட்டின் உள்பக்கம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பி.ஏ.எஸ். 015, இ.என். 1384 போன்ற தர முத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவைப் பூட்டாமல் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் வழுக்காமல், நெற்றித் தோலும் அதனுடன் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் அது நேராக அமர வேண்டும். உச்சிக் கொண்டை கூடாது. கூந்தலைப் பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொள்ளலாம். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், மறுபடி காப்பாற்றும் என்று நம்ப முடியாது. எனவே பள்ளியில் இரவல் தரும் ஹெல்மெட்டின் வயதையும் வரலாற்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது குதிகால். விழுந்தவரின் கால் அங்கவடிக்குள் சிக்கிக்கொள்ள, குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் சவாரியில் மிகப் பயங்கரமான விபத்து. ஸ்போர்ட்ஸ் ஷூவில் தனிக் குதிகால் இல்லை. பாதம் அப்படியே உள்ளே வழுக்கிப் போகும். அடியிலுள்ள மேடுபள்ளங்கள் வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கணுக்காலை மூடும், ஒரு அங்குலக் குதிகாலும் வழவழப்பான அடிப்பாகமும் கொண்ட தோல் ஷூ போதும். அங்கவடி ஷூவைவிட இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். விழும்போது ரப்பர் வளையம் கழன்று காலை விடுவிக்கும் அங்கவடிகளும் உண்டு. குழந்தைகளுக்கு அவை நல்லது.

உடையில் இந்தியா உலகத்துக்கே பாடம் சொன்ன நாடு. தொடையில் தளர்ந்து, முழங்காலுக்குக் கீழே இறுகும் ஜோத்பூர் கால்சட்டையை 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குப் போன சர் பிரதாப் சிங் லண்டனில் பிரபலமாக்கினார் என்பார்கள். இன்று நீளும் தன்மையுள்ள எந்த இறுக்கமான கால்சட்டையும் போதும். ஜீன்ஸ் வேண்டாம், அதன் உள்தையல் அரை மணியில் தொடையை உரித்துவிடும். துப்பட்டா, தொங்கும் காதணி, வளையல், மோதிரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கடிவாளம் கையை அறுக்காமலிருக்க மெல்லிய கையுறை உதவும். ஆனால் எந்த வாரையும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

குதிரையின் அணிகலன்களையும் கவனியுங்கள். சேணத்தை இழுத்துப் பிடிக்கும் வயிற்று வாரை ஏறும் முன் ஒரு முறையும், சில நிமிடம் நடந்த பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். குதிரை வயிற்றை உப்பிக்கொண்டால் முதலில் இறுக்கமாகத் தெரிந்த வார் பிறகு தளரும். சேணத்தின் தையல்கள் இற்றுப்போகாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தாண்டல் பயிற்சி தொடங்கும்போது மார்பையும் முதுகையும் காக்கும் கவசச் சட்டை பயன்படும். ஆனால் எந்தக் கவசமும் முழு உத்தரவாதம் அல்ல. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவ் 1995-ல் தடை தாண்டும்போது விழுந்தபோது ஹெல்மெட்டும் கவசமும் அணிந்திருந்தார். தலை தப்பியது, கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. ஆகவே தகுதிக்கு மீறிய தடையைத் தாண்டாமலிருப்பதும் பாதுகாப்புதான்.

செலவு? கான்பூரின் தோல் பட்டறைகள் உலகச் சந்தைக்கே சேணம் தைத்து அனுப்புகின்றன. சேணமும் முழு பூட்ஸும் ஆர்வம் நிலைத்த பிறகு வாங்கலாம். முதல் மாதத்துக்கு இரண்டே பொருள்: சொந்த ஹெல்மெட், குதிகால் உள்ள ஷூ. ஊட்டியிலும் மாதேரனிலும் பத்து நிமிடச் சவாரிக்குக் குழந்தையை வெறுந்தலையுடன் தூக்கி உட்கார வைக்கும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். ஹெல்மெட் இல்லையா? புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், குதிரை நிற்கும்போது, பக்கத்தில் நின்று.