செல்போன் அலைகளைக் கணிக்கும் ‘ஆழ்கற்றல்’: தரநிலையில் என்ன சிக்கல்?

புதுதில்லி: ஓடும் ரயிலில் செல்போனில் பேசும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்பது பலருக்கும் பழகிய அனுபவம். கோபுரத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலை நேராக மட்டும் கைப்பேசியை வந்தடைவதில்லை. கட்டடங்களிலும் வாகனங்களிலும் பட்டுச் சிதறி, பல பாதைகளில், சற்று முன்பின்னாக வந்து சேருகிறது. அவை ஒன்றையொன்று வலுப்படுத்தவும் கூடும், அழிக்கவும் கூடும். வேகமாக நகரும் கைப்பேசிக்கு இந்நிலை சில மில்லி விநாடிகளிலேயே மாறிவிடும்.

எனவே, முன்கூட்டியே தெரிந்த சோதனைக் குறிகைகளைக் கோபுரம் தொடர்ந்து அனுப்புகிறது. அவை எவ்வாறு உருமாறி வந்தன என்பதைக் கணக்கிடும் கைப்பேசி, அலைத்தடத்தின் நிலையைக் கோபுரத்துக்குத் திருப்பித் தெரிவிக்கிறது. 5ஜி கோபுரங்களில் ஆன்டெனாக்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்த விவரமும் பெருகி, பயனாளரின் தரவுக்குரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது.

இங்குதான் ஆழ்கற்றல் கைகொடுக்கிறது. கைப்பேசியில் உள்ள நரம்பியல் வலையமைப்பு அவ்விவரத்தைச் சில எண்களாகச் சுருக்கும். கோபுரத்தில் உள்ள மற்றொன்று அதை விரிக்கும். 2018-இல் வெளியான ‘சிஎஸ்ஐநெட்’ ஆய்வு, அதுவரை இருந்த சுருக்க முறைகளைவிட இவ்வழியில் துல்லியம் கூடுவதைக் காட்டியது.

ஆனால், சுருக்கெழுத்தை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே முறையைக் கற்றிருக்க வேண்டும் அல்லவா? கைப்பேசியைத் தயாரிப்பது ஒரு நிறுவனம், கோபுரக் கருவியைத் தயாரிப்பது வேறொரு நிறுவனம். தமது மாதிரியை மற்றவருக்குத் திறந்துகாட்ட யாரும் எளிதில் முன்வருவதில்லை. செல்போன் தரநிலைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான 3ஜிபிபி, தனது 18-வது வெளியீட்டில் மூன்று பயன்பாடுகளை ஆராய்ந்தது. அவற்றில் அலைக்கற்றையைத் திசைப்படுத்துவதும் இருப்பிடம் அறிவதும் 19-வது வெளியீட்டில் தரநிலைப் பணிக்கு முன்னேறின. இரு முனைகளிலும் மாதிரி தேவைப்படும் சுருக்க முறையோ மேலும் ஆய்வுக்கே அனுப்பப்பட்டது.

மற்றொரு தடை, பயிற்சித் தரவு. அகன்ற சாலைகள் கொண்ட நகரில் கற்ற மாதிரி, நெருக்கமான சந்தைத் தெருவில் தடுமாறலாம். எங்கே பிழைத்தது என்பதைப் பழைய கணித முறைகளில் கண்டறிவதுபோல் இதில் எளிதாகக் கண்டறியவும் இயலாது. கைப்பேசியின் பேட்டரிச் செலவு தனிக்கணக்கு.

‘பாரத் 6ஜி’ தொலைநோக்கு ஆவணத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச்சில் வெளியிட்டார். அதே ஆண்டு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த 6ஜி கட்டமைப்பின் ஆறு பயன்பாட்டுப் பிரிவுகளுள் செயற்கை நுண்ணறிவும் ஒன்று. அம்மாதிரிகள் எந்த நாட்டுத் தெருக்களின் அலைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் என்பது இந்தியப் பயனாளர்களுக்கு முக்கியமான கேள்வி.